ஊர்சுத்தி அக்கா பதில்கள்: இங்கிலாந்து கோட்டை ஸ்பெஷல்

போன இதழ்ல இங்கிலாந்து கென்ட் பக்கம் இருக்கற கோட்டைகளைப் பத்தி நாலே நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்த லெட்டர், மெயில், வாட்ஸ்அப் எல்லாம் பாத்தா பெங்களூர்ல பாதி தமிழ் வீட்டுல யாராவது ஒருத்தர் அந்தப் பக்கம் இருக்காங்க போல. மகன் இருக்கான், மக இருக்கா, ஆன்சைட் போயிருக்கேன்னு ஆளாளுக்கு ஒரு காரணம். அதனால இந்த வாரம் வேற ஊர் எதுவும் கிடையாது, கோட்டை மட்டும்தான். கோவா, கூர்க் கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

என் மகன் லண்டன் பக்கத்துல கிராய்டன்ல இருக்கான். ஆகஸ்ட்ல நானும் வீட்டுக்காரரும் போறோம். அவனுக்கு சனி, ஞாயிறு மட்டும்தான் லீவு. விண்ட்சர், லீட்ஸ், ஹீவர், போடியம், டோவர், அருண்டெல்னு ரெண்டு நாள்ல ஆறு கோட்டை லிஸ்ட் போட்டு அனுப்பிருக்கான். எனக்கு 62 வயசு, முட்டி வலி வேற. இது நடக்குமாம்மா?
– ஒரு அம்மா, அல்சூர்

நடக்காதும்மா. உங்க முட்டியை விடுங்க, 20 வயசுப் பையனாலயும் முடியாது. உங்க மகன் மேப்ல கோடு போட்டுப் பாத்திருப்பாரு, அது ஒரு மணி நேரம் இது முக்கா மணி நேரம்னு காட்டிருக்கும், ஆனா அங்க பெரும்பாலான கோட்டை காலைல 10 மணிக்குத் திறந்து சாயங்காலம் 5 மணிக்கு மூடிடும், ஆகஸ்ட்ல ராத்திரி 8 மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கறதைப் பாத்து ஏமாந்துடக் கூடாது, கடைசி டிக்கெட் அதுக்கும் முன்னாடியே நிறுத்திடுவாங்க. கார் பார்க்குல இறங்கி கோட்டை வாசல் போய்ச் சேரவே சில இடத்துல நல்ல நடை. லீட்ஸ்ல டிக்கெட் கவுண்டர்லேர்ந்து கோட்டை கண்ணுக்குத் தெரியறதுக்கே தோட்டம், குளம், வாத்து எல்லாம் தாண்டணும்.

நான் சொல்றது ஒரு நாளைக்கு ஒரு கோட்டை, ரெண்டு நாளைக்கு ரெண்டு. அதுலயும் ஒண்ணு இடிஞ்ச கோட்டையா இருக்கட்டும், இன்னொண்ணு இப்பவும் கூரையும் மேஜை நாற்காலியும் இருக்கற கோட்டையா இருக்கட்டும். ரெண்டையும் அடுத்தடுத்த நாள் பாத்தாதான் ஒண்ணை வச்சு இன்னொண்ணு புரியும். ஆறு பாத்தா எல்லாம் ஒரே கல்லா மனசுல கலந்துடும், வீட்டுக்கு வந்து போட்டோ பாத்தா எது எந்தக் கோட்டைன்னு மகனுக்கே தெரியாது.

சனிக்கிழமை போடியம் போங்க. ஈஸ்ட் சஸ்ஸெக்ஸ்ல, வயலுக்கு நடுவுல, அகலமான அகழிக்குள்ள நாலு மூலைலயும் வட்டக் கோபுரத்தோட நிக்கும். குழந்தைங்க கோட்டை வரையச் சொன்னா வரையுமே, அச்சு அசலா அதேதான். பிரெஞ்சுக்காரங்களோட சண்டைல காசு பாத்த சர் எட்வர்டு டாலிங்ரிக் 1385-ல ரெண்டாம் ரிச்சர்டு ராஜாகிட்ட பர்மிஷன் வாங்கிக் கட்டினது. பிரெஞ்சுப் படை கடல் தாண்டி வந்துரும்னு காரணம் சொல்லித்தான் பர்மிஷன் வாங்கினாரு. ஆனா ஆராய்ச்சிக்காரங்க நடுவுல இன்னிக்கும் வழக்கு ஓடிட்டிருக்கு, இது நெஜமாவே சண்டைக்குக் கட்டினதா இல்ல ஊருக்கு பந்தா காட்டக் கட்டினதான்னு. அகழியோட கரை வெறும் மண்ணு, எதிரி நெனச்சா வெட்டி விட்டுத் தண்ணிய வடிச்சுடலாம், சுத்தி இருக்கற மேட்டுலேர்ந்து பாத்தா உள்ள எல்லாம் தெரியும். அதே சமயம் வாசல் கோபுரத்து மேல்கூரைல எதிரி தலைல எதையாவது கொட்டறதுக்கு ஓட்டை இருக்கு, மேலேர்ந்து இறங்கற பழைய மரக்கதவும் கொஞ்சம் மிச்சம் இருக்கு, நிமிர்ந்து பாக்க மறந்துடாதீங்க. என் ஓட்டு ரெண்டுக்கும் நடுவுல. பெரிய மனுஷன் வீடு, ஆனா பூட்டு நல்ல பூட்டு.

அந்த அகழித் தண்ணிய ரொம்ப ரசிக்காதீங்க. கோட்டைல இருந்த அத்தனை கக்கூஸும் சுவத்துக்குள்ள இருக்கற குழாய் மாதிரி வழியா நேரா அதுலதான் விழும். இப்ப மீன் நீந்துது, சுத்தமாத்தான் இருக்கு.

இன்னொரு விஷயம் கேளுங்க. இந்த போடியத்தை 1917-ல வாங்கி ரிப்பேர் பண்ணினது யாரு தெரியுமா, கர்சன் பிரபு. வங்காளத்தை ரெண்டாப் பிரிச்சாரே, அதே வைஸ்ராய்தான். இங்க இருக்கறப்ப தாஜ்மகால் ரிப்பேரைத் தலைல போட்டுக்கிட்டு செஞ்சாரு, 1904-ல பழைய சின்னங்களைக் காப்பாத்த சட்டம் கொண்டு வந்தாரு. ஊருக்குத் திரும்பினப்பறம் லிங்கன்ஷயர்ல டாட்டர்ஷால்னு ஒரு செங்கல் கோட்டையோட கல் கணப்பு அடுப்பெல்லாம் பேத்து அமெரிக்காவுக்கு அனுப்பப் போறாங்கன்னு தெரிஞ்சு 1911-ல அந்தக் கோட்டையையே வாங்கி, அடுப்பையும் தேடிப் பிடிச்சுத் திரும்ப மாட்டினாரு. அந்த ஊர்லயும் 1913-ல பழைய சின்னங்களுக்கு ஒரு உருப்படியான சட்டம் வந்ததுல அவருக்குப் பெரிய பங்கு. 1925-ல அவர் செத்தப்ப ரெண்டு கோட்டையும் பழைய இடங்களைப் பராமரிக்கற நேஷனல் டிரஸ்ட்ங்கற அமைப்புக்குப் போச்சு. அரசியல்ல அவர் மேல நமக்கு ஆயிரம் கோவம் இருக்கலாம், இந்த விஷயத்துல மனுஷனுக்கு நல்ல கண்ணு.

உங்க முட்டிக்கு: போடியம் உள்முற்றம் சமதளம், தைரியமா போலாம். கோபுரம் ஏறணும்னா வளைஞ்சு வளைஞ்சு போற குறுகலான கல் படி, அதை மகன்கிட்ட விட்டுட்டு நீங்க கீழ உக்காந்து வேடிக்கை பாருங்க. ஞாயித்துக்கிழமை ஹீவர். ஆன் பொலின் வளர்ந்த வீடு, எட்டாம் ஹென்றி கல்யாணம் பண்ணி அப்பறம் தலைய வெட்டினாரே அந்த ராணி. அமெரிக்கப் பணக்காரர் வில்லியம் வால்டார்ஃப் ஆஸ்டர் 1903-ல வாங்கி, ஏரி வெட்டி, தோட்டம் போட்டு, பக்கத்துலயே பழைய ஸ்டைல்ல ஒரு குட்டி கிராமமே கட்டிட்டாரு. நடக்க இதமான இடம். டோவரை உங்க லிஸ்ட்லேர்ந்து அடிச்சுடுங்க, அது மலை உச்சி, முட்டிக்கு ஆகாது.

லீட்ஸ் போறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. லீட்ஸ் கோட்டை லீட்ஸ் ஊர்ல இல்ல, கென்ட்ல மெய்ட்ஸ்டன் பக்கத்துல இருக்கு. ஜிபிஎஸ்ல வெறும் லீட்ஸ்னு போட்டா யார்க்ஷயருக்குக் கூட்டிட்டுப் போயிடும்.

விண்ட்சர் எந்த நாள் போகலாம்? சனிக்கிழமை கூட்டம்னு சொல்றாங்க, ஞாயிறு?
– ஒரு வாசகர், ஜெயநகர்

செவ்வாய், புதன் மூடியிருக்கும். ஞாயித்துக்கிழமை கோட்டை திறந்திருக்கும், ஆனா செயின்ட் ஜார்ஜ் சேப்பல்ல பூஜை நடக்கறதால சுத்திப் பாக்க வர்றவங்களை விட மாட்டாங்க. எலிசபெத் ராணி சமாதி அதுக்குள்ளதான், அதைப் பாக்கணும்னா ஞாயிறு வேண்டாம். வியாழன், வெள்ளி, திங்கள்ல ஏதாவது ஒண்ணு உத்தமம். அல்சூர் அம்மாவுக்கும் இதேதான், மகன் ஆபீஸ் போனப்பறம் கிளாப்ஹம் ஜங்ஷன்ல ரயில் மாறினா நேரா விண்ட்சர்லயே இறக்கிடும், கோட்டை ஸ்டேஷன்லேர்ந்து நடக்கற தூரம்.

ராஜ குடும்பம் இன்னும் புழங்கற கோட்டை, அதனால திடீர்னு விசேஷம்னு சொல்லி மூடறதும் உண்டு, கெளம்பறதுக்கு முன்னாடி வெப்சைட் பாத்துடுங்க. ஃபிரான்ஸ் பக்கத்துலேர்ந்து வந்து இங்கிலாந்தைப் பிடிச்ச வில்லியம் மன்னன் 1070 வாக்குல ஆரம்பிச்ச கோட்டை. 1992 நவம்பர்ல பெரிய தீ விபத்து, ஒரு விளக்கு சூட்டுல திரைச்சீலை பத்திக்கிச்சு, நூறுக்கு மேல ரூம் பாழாச்சு. சரி பண்ண 3 கோடியே 65 லட்சம் பவுண்டு, ஜனங்க வரிப்பணத்துல பண்ணாதேன்னு ஊரே கத்த, 1993-லேர்ந்து பக்கிங்ஹாம் அரண்மனையை கோடை காலத்துல டிக்கெட் போட்டுத் திறந்து விட்டாங்க. இப்ப அந்த அரண்மனைக்குள்ள நீங்களும் நானும் போறோம்னா இந்தத் தீ புண்ணியத்துலதான்.

அக்கா, ஆறு மாசம் ஆன்சைட் போறேன், லண்டன்லதான் ரூம். கார் கிடையாது. ட்ரெயின்ல போய் வர்ற மாதிரி கோட்டை சொல்லுங்க, பட்ஜெட் கம்மி.
– ஒரு ஐடி தம்பி, ஒயிட்ஃபீல்டு

தம்பி, உனக்கு முதல் சாய்ஸ் ராச்செஸ்டர். செயின்ட் பான்க்ராஸ்லேர்ந்து ஃபாஸ்ட் ட்ரெயின்ல முக்கா மணிக்குள்ள போயிடலாம், ஸ்டேஷன்ல இறங்கி கடைத்தெருவுல நடந்தா ஒரு பக்கம் கதீட்ரல், எதிர்ல கோட்டை. 1127-ல கட்ட ஆரம்பிச்ச கோபுரம், 113 அடி உயரம், உள்ள தரையும் இல்ல கூரையும் இல்ல, வெறும் நாலு சுவரு. அய்யய்யோ இதுக்கா டிக்கெட்டுன்னு தோணும். ஆனா நின்னு நிதானமா பாரு. சுவத்துல பாதி உயரத்துல அந்தரத்துல ஒரு கணப்பு அடுப்பு தொங்கும், அங்க ஒரு மாடி இருந்திருக்கு. வரிசையா சதுர ஓட்டை தெரியும், அதுலதான் தரையோட மர உத்தரம் சொருகியிருந்தது. இன்னும் மேல ஜன்னலெல்லாம் பெருசாகி வளைவுல வேலைப்பாடு ஜாஸ்தியா இருக்கும், அதான் பெரியவங்க உக்காந்த ஹால். ஃபர்னிச்சர் வச்ச கோட்டைல இதெல்லாம் பெயின்ட்டும் திரையும் மறைச்சுடும், இங்க வீட்டோட எலும்பே தெரியுது. இடிஞ்ச கோட்டைதான் எனக்கு ஒசத்தி, இந்தக் காரணத்துக்காகத்தான்.

இப்ப வெளிய வந்து மூணு மூலை சதுரமாவும் ஒரு மூலை மட்டும் வட்டமாவும் இருக்கறதைப் பாரு. கிழிஞ்ச சட்டைக்கு வேற கலர்ல ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும். 1215-ல ஜான் ராஜாவுக்கு எதிரா அவரோட பிரபுக்களே கெளம்பி இந்தக் கோட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ராஜா முற்றுகை போட்டு, கோபுர மூலைக்கு அடியில சுரங்கம் தோண்டச் சொல்லி, மேல இருக்கற சுவரு விழாம இருக்க மரக்கட்டை முட்டுக் கொடுத்து, அப்பறம் சாப்பாட்டுக்கு லாயக்கில்லாத நல்ல கொழுத்த பன்னி 40 அனுப்புன்னு ஆபீஸருக்கு ஓலை அனுப்பினாரு. அந்தக் கொழுப்பை ஊத்திக் கட்டையைக் கொளுத்தினா முட்டு எரிஞ்சு மூலை அப்படியே சரிஞ்சு விழுந்துச்சு. அப்பவும் உள்ள இருந்தவங்க சரணடையல, கோபுரத்துக்கு நடுவுல ஒரு குறுக்குச் சுவரு இருக்கு, அதுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டாங்க. கடைசில பசிதான் அவங்களை வெளிய கொண்டு வந்துச்சு. அப்பறம் அந்த மூலையைத் திரும்பக் கட்டறப்ப வட்டமாக் கட்டிட்டாங்க.

ரெண்டாவது டோவர். அதே செயின்ட் பான்க்ராஸ்லேர்ந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. முழு நாள் ஒதுக்கு. மேல 1180-கள்ல ரெண்டாம் ஹென்றி கட்டின பெரிய கோபுரம், கீழ வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையைக் குடைஞ்ச சுரங்கம். 1940-ல, ரெண்டாம் உலகப் போர்ல, ஃபிரான்ஸோட டன்கர்க் கடற்கரைல மாட்டிக்கிட்ட மூணு லட்சத்துக்கு மேல சிப்பாய்ங்களைக் கப்பல், படகுன்னு கெடச்சதுல ஏத்திக் கொண்டு வந்தாங்களே, அந்த வேலையை அட்மிரல் ராம்சே இந்தச் சுரங்கத்துல உக்காந்துதான் நடத்தினாரு. வெயில் நல்லா இருந்தா எதிர்ல ஃபிரான்ஸ் கரை தெரியும்.

மூணாவது அருண்டெல், விக்டோரியா ஸ்டேஷன்லேர்ந்து ட்ரெயின், நார்ஃபோக் டியூக் குடும்பம் இன்னும் இருக்கற கோட்டை, குளிர்காலத்துல மூடிடுவாங்க, சாதாரணமா திங்கள் லீவு. போடியம் உனக்கு ட்ரெயின்ல கஷ்டம், ஆனா டென்டர்டன்னு ஒரு ஊர்லேர்ந்து போடியம் வரைக்கும் பழைய கரி எஞ்சின் ரயில் ஓடுது. டென்டர்டன் வரைக்கும் பஸ் பிடிச்சுப் போற பொறுமை இருந்தா அந்த ரயிலுக்காகவே போலாம்.

காசு மிச்சம் பண்ணணும்னா ரூம்மேட் ஒருத்தனைச் சேத்துக்கோ. டூ டுகெதர் ரெயில்கார்டுன்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு பேரும் சேந்து போனா டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு கம்மி, சனி ஞாயிறு எந்த நேரமும் செல்லும். 60 தாண்டின அப்பா அம்மா வந்தா அவங்களுக்கு சீனியர் ரெயில்கார்டு, வெளிநாட்டுக்காரங்களுக்கும் தர்றாங்க. ஞாயித்துக்கிழமை ட்ரெயின்ல மட்டும் ஜாக்கிரதை, தண்டவாள வேலைன்னு பாதி வழில இறக்கி பஸ்ல ஏத்திடுவாங்க, முந்தின நாள் ராத்திரியே ஆப்ல பாத்துடணும்.

இங்கிலீஷ் ஹெரிடேஜ்னு ஒரு அமைப்பு, வெளிநாட்டுலேர்ந்து வர்றவங்களுக்கு 9 நாள், 16 நாள் பாஸ் தருது. டோவர், கெனில்வொர்த் எல்லாம் அதுல அடக்கம். விண்ட்சர், லீட்ஸ், ஹீவர், அருண்டெல், வாரிக் எதுவும் அடங்காது, ஒவ்வொண்ணும் ஒவ்வொருத்தர் கைல இருக்கு. போடியம் நேஷனல் டிரஸ்ட், அது வேற கணக்கு. பாஸ் வாங்கறதுக்கு முன்னாடி உன் லிஸ்ட்ல இருக்கற கோட்டை யாருதுன்னு பாத்து வாங்கு.

கோட்டைப் படியெல்லாம் வலப்பக்கமா சுத்தி ஏறும், மேலேர்ந்து இறங்கற வீரனுக்கு வலது கைல கத்தி வீச வசதியா இருக்கும்னு எங்க மிஸ் சொன்னாங்க. உண்மையா ஆன்ட்டி?
– எட்டாவது படிக்கற மாணவி, ஃப்ரேசர் டவுன்

நல்ல கேள்விடா செல்லம். கோட்டை கைடுல பாதிப் பேர் இதேதான் சொல்வாங்க, மிஸ் மேல தப்பில்ல. ஆனா அந்தக் காலத்துல கோட்டை கட்டினவங்க யாரும் இப்படி எழுதி வைக்கல, 1900-கள் ஆரம்பத்துலதான் இந்த விளக்கம் பரவ ஆரம்பிச்சுது. வலப்பக்கம் ஏறற படிதான் ஜாஸ்திங்கறது வாஸ்தவம், ஆனா இடப்பக்கம் சுத்தற படியும் நெறைய கோட்டைல இருக்கு, சில இடத்துல ஒரே கோட்டைல ரெண்டும் இருக்கும். எந்த ரூமுக்கு எந்தப் பக்கத்துலேர்ந்து வழி வேணும்ங்கறதைப் பொறுத்து மேஸ்திரி கட்டியிருப்பாரு. இன்னொண்ணு யோசிச்சுப் பாரு, எதிரி அகழி தாண்டி, வாசக் கதவு ஒடைச்சு, கோபுரத்துக்குள்ள புகுந்து படியில ஏறறான்னா கதை அதுக்கு முன்னாடியே முடிஞ்சுடுச்சு. மேல ராச்செஸ்டர் கதை எழுதிருக்கேன் பாரு, அங்க ஜெயிச்சது பன்னிக் கொழுப்பும் பட்டினியும்தான், படிக்கட்டுல கத்திச் சண்டை இல்ல. மிஸ்கிட்ட காட்டு, ஆனா கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் வேண்டாம்.

திப்பு சுல்தானோட பொருளெல்லாம் ஒரு கோட்டைல வச்சிருக்காங்கன்னு படிச்சேன். எது அது? போய்ப் பாக்க முடியுமா?
– ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர், மல்லேஸ்வரம்

சார், அது போயிஸ் கோட்டை. இங்கிலாந்து எல்லையை ஒட்டினாப்ல வேல்ஸ்க்குள்ள, வெல்ஷ்பூல் ஊர்ல இருக்கு. பர்மிங்ஹாம்லேர்ந்து ஷ்ரூஸ்பரி வழியா ட்ரெயின் போகுது, ஸ்டேஷன்லேர்ந்து நடந்துடலாம், கடைசில கொஞ்சம் ஏத்தம்.

அங்க எப்படிப் போச்சுங்கறதுதான் கதை. பிளாசி சண்டை ராபர்ட் கிளைவோட மூத்த மகன் எட்வர்டு கிளைவ், போயிஸ் குடும்பத்துப் பொண்ணு ஹென்றியெட்டாவை 1784-ல கல்யாணம் பண்ணினாரு. அந்தக் குடும்பத்துக்கிட்ட பேரும் கோட்டையும் இருந்தது, கூடவே கடனும். கிளைவ் குடும்பத்துக்கிட்ட இந்தியாவுல சம்பாதிச்ச பணம். அப்பறம் எட்வர்டு 1798-ல மெட்ராஸ் கவர்னரா வந்தாரு, அடுத்த வருஷம் மே 4 ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு செத்தாரு. அரண்மனையைச் சூறையாடி, அவரோட தங்க சிம்மாசனத்தையே துண்டு துண்டா ஒடைச்சு பங்கு போட்டாங்க. சிம்மாசனத்துல பதிச்சிருந்த சின்னப் புலித்தலை ஒண்ணு, பூப்போட்ட துணில தைச்ச திப்புவோட கூடாரம், இதெல்லாம் கிளைவ் குடும்பம் வழியா போயிஸ் போய்ச் சேந்துச்சு. அந்தக் கூடாரத்தை அப்பறம் கோட்டைத் தோட்டத்துல பார்ட்டிக்குப் பந்தலாப் போட்டாங்களாம், அதைப் படிச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது சார்.

ஹென்றியெட்டா சும்மா மெட்ராஸ்ல உக்காந்திருக்கல. 1800-ல ரெண்டு பொண்ணுங்களையும் கூட்டிக்கிட்டு பரிவாரத்தோட கெளம்பி பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர்னு மாசக்கணக்குல சுத்திருக்காங்க, செடி கொடி, கல், டைரின்னு சேத்துக்கிட்டே. வீட்டுக்காரர் கவர்னர்ங்கறதை ஒதுக்கிட்டுப் பாத்தா, நம்ம பத்திக்கு அந்தம்மா ஒரு நல்ல வாசகி.

சிம்மாசனத்தோட பெரிய தங்கப் புலித்தலையும், மேல உக்காந்திருந்த ஹுமாங்கற கற்பனைப் பறவையும் விண்ட்சருக்குப் போச்சு, ராஜ குடும்பத்து கலெக்‌ஷன்ல இருக்கு. சிப்பாயைக் கடிச்சுட்டு உறுமற மரப்புலி பொம்மை லண்டன்ல விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல, அதைப் பாக்க காசே வேண்டாம், ஃப்ரீ. ஆக திப்புவோட பொருளைத் தேடி மூணு நாள் டூர் போடலாம். நீங்க போனா கொஞ்சம் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் முன்னாடியே ஒரு தடவை போய்ப் பாத்துட்டுப் போங்க, திப்பு விழுந்து கிடந்த இடத்தைப் பாத்த கண்ணோட அந்தப் புலியைப் பாக்கறது வேற மாதிரி இருக்கும்.

சித்ரதுர்கா நாலு மணி நேரம், செஞ்சி ஒரு ராத்திரி பஸ். இதெல்லாம் விட்டுட்டு பவுண்டு குடுத்து இடிஞ்ச சுவத்தைப் பாக்கணுமா? உங்க பத்தியே பணக்காரங்களுக்குத்தானா?
– ஒரு கோவக்கார வாசகர், இந்திராநகர்

கோவம் நியாயம்தான். பிரம்மாண்டம்னு பாத்தா செஞ்சி முன்னாடி ராச்செஸ்டர் ஒண்ணுமே இல்ல, மூணு மலையை வளைச்சு சுவரு கட்டின ஊரு அது. கோட்டை பாக்கறதுக்காக மட்டும் யாரும் விசா எடுக்க வேண்டாம்னுதான் நானும் சொல்வேன். ஆனா பேரப்புள்ளயைப் பாக்கப் போறவங்க, வேலைக்குப் போறவங்க, சனி ஞாயிறு ஷாப்பிங் மால்ல உக்காராம எங்க போகலாம்னு கேட்டா நான் என்ன சொல்றது?

அங்க போய் நான் பாக்கச் சொல்றது கல்லை மட்டும் இல்ல, அதை வச்சிருக்கற விதத்தையும். கார்ஃப்னு டார்செட்ல ஒரு கோட்டை. உள்நாட்டுச் சண்டைல ராஜா பக்கம் இருந்த பேங்க்ஸ் குடும்பத்தம்மா காத்து நின்ன கோட்டை, உள்ள இருந்த ஒருத்தனே காட்டிக் குடுத்து 1646-ல விழுந்துச்சு. திரும்ப யாரும் உக்காந்துடக் கூடாதுன்னு பார்லிமென்ட் வெடி வச்சு ஒடைச்சுது. அந்த நாட்டுல நெறைய கோட்டை இடிஞ்சு கிடக்கறதுக்குக் காரணம் மழையோ வயசோ இல்ல, அந்த 1640-கள் வெடிதான், கெனில்வொர்த்தும் அதே கேஸ்தான். இன்னிக்கும் கார்ஃப் கோபுரம் ஒண்ணு வெடிச்ச வேகத்துல சாஞ்சபடியே நிக்குது, யாரும் நிமித்திக் கட்டல, சிமென்ட் பூசல, விழாம மட்டும் பாத்துக்கறாங்க. எந்த மூலைல நின்னா என்ன தெரியும்னு ஒரு பலகை, உக்கார பெஞ்ச், சுத்தமான பாத்ரூம், அவ்வளவுதான்.

நீங்க கேட்டதால நானும் ஒண்ணு கேக்கறேன். கே.ஆர். மார்க்கெட் எதிர்ல நம்ம பெங்களூர் கோட்டை வாசல் நிக்குதே, உள்ள போயிருக்கீங்களா? கெம்பே கவுடா 1537-ல மண்ணால கட்டி, ஹைதர் அலி காலத்துல கல் கோட்டையாகி, 1791 மார்ச் 21 ராத்திரி கார்ன்வாலிஸ் படை ஒடைச்சுப் புகுந்த கோட்டை. அதே கார்ன்வாலிஸ்தான் பத்து வருஷம் முன்னாடி அமெரிக்காவுல யார்க்டவுன்ல சரணடைஞ்சவரு. கோட்டைல மிச்சம் இருக்கறது கொஞ்சூண்டுதான், வெத்தலை வாங்க மார்க்கெட் போறப்ப அரை மணி நேரம் போதும்.

நாங்க சுத்த சைவம். கிராமத்துப் பக்கம் கோட்டை பாக்கப் போனா சாப்பாட்டுக்கு என்ன பண்றது? ஊறுகா, பருப்புப் பொடி, நெய் மைசூர்பாகு எடுத்துட்டுப் போகலாமா?
– ஒரு வாசகி, கம்மனஹள்ளி

பொடி, முறுக்கு எடுத்துட்டுப் போங்க. பால் சம்பந்தப்பட்டது இந்தியாவுலேர்ந்து கொண்டு போகக் கூடாதுன்னு அங்க ரூல், அதனால நெய் மைசூர்பாகு, பால்கோவா எல்லாம் வேண்டாம், ஏர்போர்ட்ல பிடுங்கிக் குப்பைல போடறதைப் பாத்தா மனசு தாங்காது. பெரும்பாலும் எல்லா பெரிய கோட்டைலயும் ஒரு டீக்கடை இருக்கும். தோலோட சுட்ட உருளைக்கிழங்கு, ஜாக்கெட் பொட்டேட்டோன்னு பேரு, மேல சீஸும் பீன்ஸும் போட்டுத் தருவாங்க, வயிறு நெறையும். சூப் கேட்டா இறைச்சித் தண்ணில பண்ணினதான்னு விசாரிங்க. சீஸ்லயும் சிலது கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கற பொருளைப் போட்டுத்தான் பண்ணுவாங்க, பாக்கெட்ல வெஜிடேரியன்னு எழுதியிருக்கான்னு பாத்துக்கோங்க. ஸ்கோன்ங்கற குட்டி பன்னு, கேக்ல முட்டை இருக்கலாம், அது ஆகாதுன்னா கேட்டுட்டுச் சாப்பிடுங்க.

கிராமத்து பப்ல மதியம் ரெண்டரை, மூணு மணிக்கு அடுப்பை அணைச்சுடுவாங்க, அப்பறம் பீர் உண்டு, சாப்பாடு கிடையாது. நான் சொல்றது, காலைல வீட்டுல எலுமிச்சஞ்சாதம் கிளறி எடுத்துட்டுப் போய்க் கோட்டைப் புல்வெளில உக்காந்து சாப்பிடறது. அங்க எல்லாருமே அப்படித்தான் டப்பா திறந்து வச்சு உக்காந்திருப்பாங்க, யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

ரெண்டு குட்டிப் பசங்க, 6 வயசு, 9 வயசு. வாரிக் கோட்டை கேக்கறாங்க. நல்லா இருக்குமா?
– ஒரு அப்பா, சர்ஜாபூர் ரோடு

பசங்களுக்குச் சொர்க்கம், உங்க பர்ஸுக்கு நரகம். மேடம் துஸ்ஸாட்ஸ் நடத்தற கம்பெனிதான் அதையும் நடத்துது, கத்திச் சண்டை, பருந்து ஷோன்னு நாள் பூரா ஏதாவது ஓடிட்டே இருக்கும். ஆன்லைன்ல முன்னாடியே வாங்கினா விலை கம்மி. அடுத்த நாள் பக்கத்துலயே, 5 மைல்ல, கெனில்வொர்த் போங்க. முதலாம் எலிசபெத் ராணியை இம்ப்ரெஸ் பண்ண ராபர்ட் டட்லி 1575-ல 19 நாள் விருந்து வச்ச இடம். இப்ப செவப்புக் கல் சுவரும் தோட்டமும்தான், பசங்க ஓடி விளையாடட்டும், நீங்க உக்காருங்க.

கணவர் அங்க கார் ஓட்டணும்னு ஆசைப்படறார். நம்ம லைசென்ஸ் செல்லுமா? எனக்கு பயமா இருக்கு.
– ஒரு வாசகி, ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்

சுத்திப் பாக்கப் போறவங்களுக்கு நம்ம லைசென்ஸ் 12 மாசம் வரைக்கும் செல்லும், அங்கயும் இடப்பக்கம்தான் ஓட்டறது, அவுட்டர் ரிங் ரோடுல ஓட்டற மனுஷனுக்கு நெடுஞ்சாலை ஒரு விஷயமே இல்ல. பயப்பட வேண்டியது கிராமத்துச் சந்து ரோடுதான். ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் செடி வேலி, ஒரு கார் போற அகலம், எதிர்ல ட்ராக்டர் வந்தா யாராவது ஒருத்தர் ரிவர்ஸ் எடுத்து ஒதுங்கற இடத்துக்குப் போகணும். அங்க ஹாரன் அடிச்சா வேலைக்கு ஆகாது, கையைத் தூக்கி தேங்க்ஸ் சொல்லணும். ரவுண்டானாவுல வலப்பக்கத்துலேர்ந்து வர்றவங்களுக்கு வழி விடணும், மூக்கை நுழைச்சுப் பாக்கற நம்மூர் வித்தை ஆகாது. பின் சீட்லயும் பெல்ட் கட்டாயம். போர்டுல இருக்கற வேகம் மைல் கணக்கு, கிலோமீட்டர் இல்ல.

கியர் கார்தான் சகஜமா குடுப்பாங்க, ஆட்டோமேட்டிக் வேணும்னா புக் பண்றப்பவே சொல்லிடணும். கிழக்கு லண்டன் பக்கத்துலேர்ந்து கென்ட் போறவங்க டார்ட்ஃபோர்டுல தேம்ஸ் நதியைத் தாண்டணும், அங்க டோல் பூத்தே இருக்காது, காசு கேக்க ஆளும் இருக்காது, அடுத்த நாள் நடுராத்திரிக்குள்ள ஆன்லைன்ல நீங்களா கட்டணும், இல்லன்னா ஃபைன் வாடகைக் கம்பெனி வழியா உங்க கார்டுக்கு வந்துடும். அப்பறம் சின்ன ஊர்ல இருக்கற வாடகைக் கார் ஆபீஸ் பலதும் சனிக்கிழமை மதியத்தோட மூடி ஞாயிறு லீவு விட்டுடும், அதனால வீக்கெண்டுக்குக் கார் வேணும்னா வெள்ளிக்கிழமை சாயங்காலமே எடுத்து திங்கக்கிழமை காலைல திருப்பிக் குடுக்கற மாதிரி புக் பண்ணுங்க.